லோகநாயகி சொல்லித் தராத கிளிக்

லோகநாயகிக்கு ஒருவரைப் பிடிக்காமல் போனால் அது முகத்தில் தெரியாது. குரலில் மரியாதை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். "வாங்க, உக்காருங்க, டீ சொல்லவா?" என்று அவள் யாரையாவது கேட்டுவிட்டாள் என்றால், அந்த ஆளை நினைத்து அவள் புருஷன் குணசேகரன் பரிதாபப்படுவான்.

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் போகிற சாலையில், வரதனின் கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை. வரதன் பழைய பருத்திப்பட்டுக்காரர். நிலத்தை மனை போட்டு விற்றதுபோக ரோட்டோரம் மிஞ்சிய துண்டில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டவர், ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார். அவருக்கு மிஷினை ஆன் பண்ணத் தெரியும், சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றத் தெரியும். மீதி எல்லாம் லோகா. பட்டா, கரன்ட் பில், ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட், பரீட்சை விண்ணப்பம் என்று எதற்கு வந்தாலும் ஜனங்கள் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "லோகாக்கா கீறாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள்.

அவளுடைய இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருக்கின்றன. கல்யாணமான புதிதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் ஒரு ப்ரெஸ் ஷாப்பில் வேலை செய்தாள். தகட்டை வைத்துவிட்டு இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் மிஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. வேலை ஓடவில்லை என்று சூப்பர்வைசர் ஒரு பட்டனில் குச்சியைச் செருகிக் கயிறு கட்டி, எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்துவிட்டார். அவளுடைய நடுவிரல்கள் மூன்றும் போன அன்று, ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தக் குச்சியையும் கயிற்றையும் காணவில்லை. "அந்தப் பொண்ணு பேசிகினே வேல செஞ்சிச்சு சார்" என்று அவர் சொன்னது, வலியில் சுருண்டு கிடந்தவள் காதில் தெளிவாக விழுந்தது.

அந்த ஆளை அவள் பல வருஷம் விசாரித்துக்கொண்டே இருந்தாள். கம்பெனி இடம் மாறிவிட்டது, ஆளும் மாறிவிட்டார். கடைசியில் ஒரு நாள், பட்டா எடுக்க வந்த பழைய தோழி ஒருத்தி சொன்னாள்: "அவரா? போய்ட்டாரே. தூக்கத்துலயே உயிர் போயிடுச்சாம், புண்ணியவான்."

அன்று வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. லோகா எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். குணசேகரன் வந்து அடுப்பை அணைத்தான். "என்னாச்சு?" என்று கேட்டான். "லேட் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

கம்ப்யூட்டரில் மற்றவர்கள் வேகமாகச் செய்வதெல்லாம் இரண்டு கைக்காரர்களுக்கு உண்டானது. இடது கையால் கன்ட்ரோல் பட்டனைப் பிடித்துக்கொள், வலது கையால் இன்னொன்றைத் தட்டு என்பார்கள். இடது கை அவளுக்குக் காகிதம் பறக்காமல் அழுத்திப் பிடிக்கத்தான் உதவும். அதனால் எல்லாவற்றையும் வலது கையில் இருக்கும் மவுஸிலேயே தேடிக் கண்டுபிடித்தாள். மவுஸின் நடுவில் இருக்கும் சக்கரம் உருட்டுவதற்கு மட்டும் இல்லை, அமுக்கவும் அமுங்கும் என்பது, அழுக்கைத் துடைக்கும்போது தெரிந்தது. திரையில் இருக்கும் ஒரு இணைப்பின் மேல் அந்தச் சக்கரத்தை அமுக்கினால், அது சத்தமில்லாமல் பின்னால் ஒரு புது டேபில் திறந்துகொள்ளும், பார்த்துக்கொண்டிருக்கிற பக்கம் அப்படியே இருக்கும். மேலே வரிசையாக நிற்கும் டேப்களில் ஒன்றின் மேல் அமுக்கினால் அந்த டேப் மூடிவிடும், குட்டியூண்டு பெருக்கல் குறியைக் குறி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மறுபடி ஏற்றுகிற வட்ட அம்பின் மேல் அமுக்கினால் அதே பக்கம் இரட்டைப் பிள்ளை போல இன்னொன்றும் வந்து நிற்கும். பின்னால் போகிற அம்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால், இதுவரை போய்வந்த இடமெல்லாம் வரிசையாக இறங்கும், வேண்டிய இடத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடலாம். யாரிடமாவது தனியாகக் காட்ட வேண்டியது இருந்தால், டேபை அப்படியே பிடித்துக் கீழே இழுத்துப் போட்டால் அது தனி ஜன்னலாகிவிடும்.

இத்தனையும் அவளுக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் அந்தக் கடையின் நடைமுறை. அரசாங்க சர்வர் எப்போது நகரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவருடைய பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவருடையதைத் திறப்பாள். பெஞ்சில் பத்துப் பேர் இருந்தால் மேலே பத்து டேப் இருக்கும். "என்னுது எங்கம்மா கீது?" என்று கேட்டால், "இதோ, இடப்பக்கம் மூணாவது, சுத்திகினு கீது பாருங்க" என்று காட்டுவாள். ஆள் படியிறங்கிப் போகிற வரைக்கும் அவருடைய டேபை மூடமாட்டாள். ஜனங்களும் ரேஷன் கடை வரிசையில் பையை வைத்துவிட்டுப் போவதுபோல, டேபை நம்பி டீ குடிக்கப் போய்விட்டு வருவார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் பிரசன்னா வந்தான். வரதனுடைய மச்சான், மனைவி சுரேகாவின் தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு மொபைல் கடையில் இருந்தவன், அங்கே ஏதோ தகராறாகி நின்றுவிட்டான். "எவ்ளோ நாளிக்கு ஊட்ல குந்திகினு இருப்பான்? நம்ப கடையிலயே போடுங்க" என்று சுரேகா சொல்லியிருப்பாள். முதல் நாளே அவன் லோகாவின் கையைப் பார்த்தான். இரண்டாம் நாள் போனில் நண்பனிடம், "இங்க ஒரு அரைக்கை கீது மச்சான், அதான் மெயின் ஆளு" என்று சிரித்தான். ஜெராக்ஸ் மிஷினுக்கு இந்தப் பக்கம்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். அது அவனுக்கும் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து, "அரைக்கை அக்கா, ஸ்டேப்ளர் குடு" என்று நேராகவே கூப்பிட்டான். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். லோகா ஸ்டேப்ளரைக் கொடுத்தாள்.

"தம்பி, டீ சொல்லவா?" என்று கேட்டாள்.

மாதம் முடிவதற்குள் வரதன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் கண்ணைப் பார்க்காமல் சாமி படத்தைப் பார்த்துப் பேசினார்.

"லோகா, பையனுக்கு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடு. வயசுப் பையன், அவன் முன்னாடி குந்தட்டும். நீ பின்னால ஜெராக்ஸ், லேமினேஷன் பாத்துக்கோ. உனக்கும் ரெஸ்ட்டு."

"அந்த சீட்டுல நான் வந்த நாள்லேர்ந்து குந்திகினு கீறேன் அண்ணே."

"அதான் சொல்றேன், போதும்ல? சுரேகா வேற ஊட்ல நிம்மதியா சோறு துன்ன வுடமாட்றா."

முன் சீட்டுதான் அவளுக்கு அந்த ஊரில் இருந்த பேர். அதில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் அவள் இடது கையைப் பார்ப்பதில்லை, வலது கையைத்தான் பார்ப்பார்கள். ஜெராக்ஸ் மிஷினுக்கு இரண்டு கையும் வேண்டும். மூடியைத் தூக்கிப் பிடித்துக் காகிதத்தைச் சரி செய்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கையை எல்லாரும் பார்ப்பார்கள்.

மறுநாளே பாடம் தொடங்கியது.

"தம்பி, இந்தச் சக்கரத்த சும்மா உருட்றதுக்குன்னு நெனச்சுகினு கீறியா? அமுக்கிப் பாரு."

"அட, பட்டனா இது! செம்மக்கா."

"டேப் மேல வெச்சு அமுக்கு."

டேப் காணாமல் போனது. பிரசன்னா இன்னொன்றை அமுக்கினான், அதுவும் போனது. குழந்தைக்குப் பலூன் உடைக்கக் கிடைத்த மாதிரி இருந்தது அவன் முகம்.

"இன்னும் ஒண்ணு கீது. டேப் மேல ரைட் கிளிக் பண்ணு. பாத்தியா, நீளமா எறங்குதா? சத்தம் போட்ற டேப்ப ஊமையாக்கறது இது. அதுக்குக் கீழ பாரு, 'மற்ற டேப்களை மூடு'. சாயங்காலம் கடை கட்றப்போ ஒண்ணொண்ணா மூடிகினு கெடக்க வேணாம். ஒரே கிளிக், எல்லாம் காலி."

"சூப்பர் அக்கா. வேற?"

வேறு இருந்தது. டேப்கள் நிற்கிற வரிசையில், கடைசி டேபுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லாத வெறும் இடம் ஒன்று இருக்கும். அங்கே ரைட் கிளிக் செய்தால், மூடிய டேபை மறுபடி திறக்க ஒரு வழி வரும். கடைசியாக மூடியது முதலில் வரும், அதற்கு முன்னால் மூடியது அடுத்து வரும். எதையும் இழக்காமல் அவள் இத்தனை வருஷம் வேலை பார்த்தது அந்த வெறும் இடத்தை நம்பித்தான். ஆள் படியிறங்கும் வரை டேபை மூடாதே என்பதும் அவளே போட்டுக்கொண்ட சட்டம்.

"இவ்ளோதான் தம்பி" என்றாள் லோகா. "எல்லாம் காட்டிட்டேன்."

அன்று சாயங்காலம் முத்தாபுதுப்பேட்டையில் அவர்கள் வீட்டில், குணசேகரன் தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தான். அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளைக் கழுவும் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும்.

"மூட்றதுக்கு எல்லா வழியும் சொல்லிக் குடுத்துட்டேன். தொறக்கற வழி எங்கிட்டயே கீது" என்றாள் லோகா.

"ஜனம் இன்னா பண்ணிச்சு லோகா? எவனோ பட்டாவுக்கு வந்து நிப்பான், அவன் வவுறு எரியும்."

"எரியாது. எதுவும் எங்கயும் போவாது. அவனுக்குத்தான் தெரியாது, எனக்குத் தெரியும்."

"பெட்டி கழுவற மாதிரி தண்ணி ஊத்திட்டுப் போய்கினே இரேன். எத்தினி நாளிக்கு மனசுல வெச்சுக்குவே?"

"நீ கழுவற பெட்டி மறுநாளும் அதே அழுக்கோடதானே வருது?"

குணசேகரன் அடுத்த அவரைக்காயை எடுத்தான்.

அவள் காத்திருந்தாள். ஜெராக்ஸ் மிஷினின் சூட்டில் நின்றபடி, முன் சீட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மிஷினுக்குள் காகிதம் சிக்கினால் உருவி எடுக்க, அந்த இரண்டு விரலைத்தான் உள்ளே விட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பிரசன்னாவுக்குக் கை வேகம்தான், அதை அவள் மறுக்கவில்லை. சக்கரத்தை டக் டக் என்று அமுக்கி டேப்களைத் திறப்பதும் மூடுவதுமாக, பெஞ்சில் இருப்பவர்களுக்கு வித்தை காட்டினான். "முன்னல்லாம் லேட் ஆவும், இப்ப பாரு" என்று பின்னால் தலையைத் திருப்பாமலே சொல்வான். நடுநடுவே தன்னுடைய காரியத்தையும் பார்ப்பான். ஏதோ மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எந்த மண்டலம் என்று கேட்கிற இடத்தில் மட்டும் முடிவு பண்ணாமல், மீதி எல்லாம் நிரப்பி, இடது ஓரத்தில் ஒரு டேபில் அதை வைத்திருந்தான்.

அந்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்று கடை நிரம்பி வழிந்தது. அதே வேலைக்குப் போட வந்த பசங்கள் ஒரு பக்கம், வழக்கமான கூட்டம் ஒரு பக்கம். அண்ணனூரிலிருந்து வந்த ஞானம்மாள் என்கிற அம்மாள், கரன்ட் கனெக்ஷனைப் பேர் மாற்றக் காலையிலிருந்து பெஞ்சில் இருந்தார். மேலே டேப்கள் நெருக்கியடித்துக்கொண்டு, பேர்கூடத் தெரியாத அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தன. அந்த நேரம் பார்த்து அதில் ஏதோ ஒன்றிலிருந்து தலைமுடி எண்ணெய் விளம்பரம் கத்த ஆரம்பித்தது.

"அத்த நிறுத்து தம்பி, காது போவுது" என்றார் ஞானம்மாள்.

பிரசன்னா சத்தம் வந்த டேபைக் கண்டுபிடித்தான். ரைட் கிளிக் செய்தான். ஊமையாக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, தினமும் சாயங்காலம் பழகிய இடத்துக்குக் கை தானாகப் போனது.

மேலே ஒரே ஒரு டேப் நின்றது. எண்ணெய் விளம்பரம் இன்னும் உற்சாகமாகக் கத்தியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு பையன், "ணா, என்னுது எங்க?" என்றான். "என்னுது?" "டேய், போட்டோல்லாம் ஏத்தி வெச்சிருந்தேன்டா!" பெஞ்ச் மொத்தமும் எழுந்தது.

"சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, இருங்க, இருங்கப்பா" என்றான் பிரசன்னா. மவுஸை அங்கும் இங்கும் இழுத்தான். சக்கரத்தை அமுக்கினான், அந்த விளம்பரமும் போய்த் திரையே காலியாகிவிட்டது.

"காலைலேர்ந்து ஒக்காந்துகினு கீறேன்டா, பாவி!" என்று ஞானம்மாள் கத்தினது தெரு வரைக்கும் கேட்டது. வரதன் ஓடி வந்தார்.

"இன்னாடா பண்ணே?"

"ஒண்ணுமே பண்ணல மாமா, தானா போச்சு."

பின்னால் லோகா ஒரு குடும்ப அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். மூடியைத் தூக்கி, அட்டையைத் திருப்பி, மறுபக்கம் வைத்து, மூடி, பட்டனை அமுக்கினாள். உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. ஏரிக்காற்றில்கூட அவளுக்கு அப்படி ஒரு சுகம் வந்ததில்லை.

"லோகா! வந்து பாரும்மா!"

"ஜெராக்ஸ் எடுத்துகினு கீறேன் அண்ணே. இவருக்கு ரெண்டு காப்பி வேணுமாம்."

"அத்த வுடு, வா!"

அவள் காகிதத்தைத் தட்டி அடுக்கிக் கொடுத்துவிட்டு, நிதானமாக முன்னால் வந்து நின்றாள். கூட்டம் வழிவிட்டது. "லோகாக்கா, பாருங்க லோகாக்கா" என்று நாலா பக்கமும் குரல். பிரசன்னா சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"நான் குந்தணும்னா அந்தத் தம்பி கூப்புடணும்" என்றாள்.

"கூப்புடேன்டா!" என்றார் வரதன்.

"சும்மா இல்ல அண்ணே. என்ன எப்பவும் ஒரு பேர் சொல்லிக் கூப்புடுமே, அதே பேர்ல கூப்புடட்டும். சத்தமா. இவங்க அத்தினி பேரும் கேக்கட்டும்."

"இன்னா பேரு?" என்று யாரோ ஒருவர் கேட்டார். பிரசன்னா மவுஸை விட்டுவிட்டு எழுந்தான். எதிரே நின்ற கூட்டத்தைப் பார்த்தான். அந்தப் பேரை அப்போது சொல்லியிருந்தால் ஞானம்மாளே செருப்பைத் தேடியிருப்பார்.

"சொல்லு தம்பி. தெனமும் சொல்றதுதானே?"

"அக்கா..." என்றான். "லோகாக்கா. வந்து குந்துங்க."

"அந்தப் பேரு இது இல்லியே."

"வுட்ருங்கக்கா" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவள் அதை ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மூடிப்போன பிரவுசரை மறுபடி திறந்து, மேலே வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்தாள். ஒரு டேப் எழுந்து வந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. "கரன்ட் பேர் மாத்தம், அண்ணனூர்? இதோ கீதும்மா." "பட்டா, முத்தாபுதுப்பேட்டை? வந்துடுச்சு." ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சிலது மறுபடி உள்ளே நுழையச் சொன்னது, போனுக்கு வந்த எண்ணைத் திரும்பக் கேட்டது. மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தன. பிரசன்னா பின்னால் நின்று அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது, இது சிஸ்டத்தின் கோளாறு இல்லை, அவள் காட்டாமல் விட்ட வழி என்று. அதை அவன் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

கடைசியாக வந்தது அவனுடையது. வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரிய பிரசன்னாவின் போட்டோ திரையில் சிரித்தது.

லோகாவின் விரல் சக்கரத்தின் மேல் இருந்தது. அம்புக்குறி அந்த டேபின் மேல் இருந்தது. அமுக்கினால் என்ன ஆகும் என்று அவளும் அறிவாள், அவனும் அறிவான். அவளேதான் சொல்லிக் கொடுத்தது. 'உன்னுது எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி?' என்ற வார்த்தைகூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

பிறகு அவள் யோசித்தாள். இவனுக்கு இந்த அரசாங்க வேலை கைநழுவினால் இவன் எங்கே போவான்? எங்கேயும் போகமாட்டான். நாளைக்கு சுரேகா அழுவாள், வரதன் சாமி படத்தைப் பார்த்துப் பேசுவார், இவன் மறுபடி இதே சீட்டில் வந்து உட்காருவான். வாழ்நாள் முழுக்க ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாலிருந்து இந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விரலைச் சக்கரத்திலிருந்து எடுத்தாள்.

"எந்த மண்டலம் போட்றது?"

"சென்னைதான் அக்கா."

"சென்னைக்கு ஊரே போட்டுருக்கு. போன தடவ போட்டவங்க கதையெல்லாம் இங்க பெஞ்சுல குந்திதான் சொன்னாங்க. குவாஹாத்தி போடு. கட் ஆஃப் கம்மி. கெடைக்கும்."

"அது எங்கக்கா கீது?"

"ரயில் ஏறினா போய்கினே இருக்கும். திரும்பி வர்றது கஷ்டம்."

அவன் அவளைப் பார்த்தான்.

"உனக்காகச் செய்யலடா" என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. முதல் தடவையாக மரியாதையில்லாமல். "நீ இந்தக் கடையில இருக்கக் கூடாது. அதுக்குத்தான்."

அவன் தலையை ஆட்டினான். ஒவ்வொரு கட்டத்தையும் அவள் இரண்டு தடவை சரிபார்த்தாள், கையெழுத்துப் படம் சாய்ந்திருந்ததை நிமிர்த்தினாள். சொந்தப் பிள்ளை என்றாலும் அவ்வளவு கவனமாகச் செய்திருக்கமாட்டாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"இன்னிலேர்ந்து நீயே முன்னாடி குந்து லோகா" என்றார் வரதன். அந்த 'இன்னிலேர்ந்து' எத்தனை நாளைக்கு என்று அவளுக்குத் தெரியும்.

பரீட்சை முடிந்துவிட்டது. அதுவரை பிரசன்னாவுக்கு அவளே பழைய கேள்வித்தாள்களைத் தேடி எடுத்துக் கொடுத்தாள், ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்தாள். படிக்காமல் போனை நோண்டினால் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்கள், "பகையெல்லாம் போயிடுச்சு போல, கூடப்பொறந்த தம்பி மாதிரி பாத்துக்குது" என்றார்கள். பகை எங்கேயும் போகவில்லை. ரிசல்ட் வரும் பக்கத்தை ஒரு டேபில் திறந்து, ரைட் கிளிக் செய்து இடது ஓரத்தில் குத்தி வைத்திருக்கிறாள். அப்படிக் குத்தி வைத்த டேபை 'மற்ற டேப்களை மூடு' தொடாது. காலையில் கடை திறந்ததும், ஊதுபத்தி ஏற்றுவதற்கு முன்னால், அதைத்தான் பார்க்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டுக்குப் போய் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கு வேலை கிடைத்து வண்டி ஏறிவிட்டால் பால்குடம் எடுப்பதாக.

"பால்குடமா?" என்றான் குணசேகரன். "அவனுக்கா? அவ்ளோ தூரம் நடக்கணும். இந்தக் கைய வெச்சுகினு குடத்த எப்பிடிப் புடிப்பே?"

"ரெண்டு விரல் போதும்யா" என்றாள் லோகநாயகி. "அவன் மட்டும் போவட்டும், நான் ஓடியே போறேன்."